நன்மை வாங்காத மாதங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலுக்குச் சாமியார் மாதத்தில் ஒருமுறை, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அட்டனில் முதல் பூசையை முடித்துவிட்டு, கொட்டகலை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மூன்று மைல் மலையேறி எங்களிடம் சேரும்போது மணி ஒன்பதரை ஆகியிருக்கும். பிறகு ஒவ்வொருவராகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். பூசை தொடங்கப் பத்தரை ஆகும். நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தைக் கொடுக்கும்போது பதினொன்று தாண்டிவிடும். நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நாள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்ணீரும் கூடாது. பிறகுதான் தண்ணீருக்குச் சலுகை வந்தது. நான் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தச் சலுகையைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

குளிர் மாதங்களில் அந்தப் பசி வேறு மாதிரி இருக்கும். கோயிலின் தகரக் கூரை விளிம்பில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். ஆண்கள் கம்பளிக்குள் கைகளை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். யாராவது மயங்கி விழுந்தால் வெளியே தூக்கிக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். விழுந்தவர் கண் திறந்ததும் முதலில் கேட்பது, "குடுத்து முடிச்சிட்டாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்காகவே மயக்கம் தெளிந்தவர்கள் போல எழுந்து உள்ளே போவார்கள்.

அப்போது எனக்கு இருபது வயது. எங்கள் வம்சத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு, அட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் தங்கிப் படித்துத் தேறி, அதே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே உதவி ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட என்னை "டீச்சர்" என்றார்கள். கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, "முதல்ல டீச்சருக்கு விடுங்க" என்று வழிவிடுவார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு போன பிறகு மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலும் நான் சேர்த்தியில்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் நான் போய் உட்கார ஓர் இடம் கோயில்தான்.

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிவந்த உபதேசியார் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்ததால், அந்த வருடம் புது நன்மை வாங்கும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. முதல் முறையாக நன்மை வாங்குவதைத்தான் புது நன்மை என்போம். ஏழு பிள்ளைகள். ஆறு மாதம், பள்ளிக்கூடம் முடிந்ததும் கோயிலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மந்திரங்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பார்கள். உபவாசத்தைப் பற்றித்தான் அவர்களுக்குத் தீராத சந்தேகம்.

"டீச்சர், மழ பேயறப்ப வாய் தொறந்திருந்தா?"

"மூடிக்கிட்டு வா."

"கொட்டாவி வந்தா?"

"கையால பொத்திக்க."

"எச்சி முழுங்கலாங்களா டீச்சர்?"

"எச்சி உன்னோடது. முழுங்கு."

சிரிக்க மாட்டேன். சிரித்தால் சட்டம் இளகிவிடும் என்று நினைத்தேன். நன்மை வாங்குவதை நான் ஒரு பரீட்சை போலவே எண்ணியிருந்தேன். படித்தவர்கள் தேறுவார்கள். நான் தேறினேன். என் பிள்ளைகளும் தேறுவார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருத்தியின் தாய், என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். முப்பது வயதிருக்கும். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பிறப்பிலேயே வேதக்காரி. ஆனால் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு ஓர் இந்துக்காரரோடு குடும்பம் நடத்தினாள். சாமியார் அவர்களுடைய கலியாணத்தை ஆசீர்வதிக்கத் தயார். அதற்குக் கணவர் வந்து சில வாக்குறுதிகளுக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுக்காத அந்த மனிதர், கையெழுத்துக்கு மட்டும் மறுத்தார். அதனால் பதினோரு வருடமாக அவளுக்கு நன்மை இல்லை. மாதா மாதம் பூசைக்கு வருவாள். கோயிலின் கடைசியில், கதவோரம் கிடக்கும் பாயில் உட்காருவாள். எல்லாரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது கால்களை மடக்கி வழிவிடுவாள். மகளுடைய புது நன்மைக்காக அவள் காத்திருந்ததைப் போல வேறு எந்தத் தாயும் காத்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக் கவுனுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஏழு கவுன்களையும் நானே தைத்தேன். அப்பா தொழிற்சாலையில் இராத்திரி வேலை முடிந்து திரும்பும் நேரம். பாஸ்குத் திருநாளுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர் அவர். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பீலிக்குப் போனாள். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கை தானாகப் போய்க் கோப்பையை எடுத்தது. தினமும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் எனக்கு ஒரு கோப்பை இருக்கும். அவ்வளவுதான். பாதிக்கு மேல் உள்ளே போன பிறகே நினைவு வந்தது. துப்புவதற்கு வாயில் மிச்சமில்லை. மீதியையும் குடித்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்தாள். கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தரம் ஊற்றினாள்.

அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய கலக்கம் எதுவும் இல்லை. மறதி பாவமாகாது. உபவாசம் முறிந்துவிட்டது, ஆகவே இன்றைக்கு வாங்கக்கூடாது. வாங்காமல் இருந்தால் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். யாராவது கேட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

கோயில் படியில் பிள்ளைகளின் தலையில் காகிதப் பூ முடியை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், இவ ஒரு வேல பண்ணிட்டா. சொல்லுடி."

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சீனிய நக்கிட்டேங்க டீச்சர்."

"எப்ப?"

"விடியக்காலம். தம்பிக்குக் குடுத்தப்ப உள்ளங்கையில ஒட்டியிருந்திச்சு. நெனப்பில்லாம நக்கிட்டேன்."

"நா கேக்கவே இல்லீங்க. வர்ற வழியில அவளாத்தான் சொன்னா" என்றாள் தாய். "இப்ப என்னா செய்யிறது?"

சுற்றி நின்ற மற்ற ஆறு பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் என் வாயையே பார்த்தார்கள். எல்லாருக்கும் விடை தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அடுத்த மாசம்" என்றேன்.

"கொஞ்சூண்டுதாங்க. சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாங்களா?"

"சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான் அக்கா. சாமியும் இதத்தான் சொல்லுவாரு."

பிள்ளை உடனே அழவில்லை. தலையிலிருந்த பூ முடியைக் கழற்றி, "அப்ப இது?" என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் தாயோடு கடைசிப் பாய்க்குப் போனாள். அங்கிருந்துதான் அழுகைச் சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு ஓரமாக நிற்க என்னால் முடியவில்லை. நின்றால் கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். ஓர் உள்ளங்கைச் சீனிக்காக அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய டீச்சர் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவள் என்று பீலியில் சிரிப்பார்கள். நான் போன பிறகு வரும் அந்தச் சிரிப்பு. ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முன்னால் போனேன். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி இருந்தது. அதன்மேல் நீளமாக வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து முழந்தாளிட்டேன். துணிக்கு அடியில் கைகளைக் கொடுத்தேன். சாமியார் லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார். என் வாயைத் திறந்தேன்.

நாக்கு எரிந்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. எதுவும் ஆகவில்லை. எழுந்து பிள்ளைகளைக் கோயிலின் பின்பக்கமாகச் சுற்றி அழைத்து வந்தபோது அந்தப் பிள்ளை அழுகைக்கு நடுவிலும் எனக்காகக் காலை மடக்கிக்கொண்டாள். நன்மை வாங்கியவர்கள் வரும்போது வழிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

தகுதியில்லாமல் நன்மை வாங்குவது சாவான பாவம். அதை மறைத்துக்கொண்டு மறுபடி வாங்கினால் பாவத்தின்மேல் பாவம். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். சாமியாரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் கோயிலில் அடைப்புப் போட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடையாது. ஒரு நாற்காலி, பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு துணி, அவ்வளவுதான். சாமியார் வெள்ளைக்காரர், வயதானவர். காது மந்தம். எங்கள் பேச்சுத் தமிழ் பாதி அவருக்குப் புரியாது. சரியாகக் கேட்டோமா என்று உறுதி செய்துகொள்ள, கேட்டதைத் திரும்பச் சொல்லுவார். ஒருமுறை ஓர் ஆள் கோழி திருடியதைச் சொல்லியிருக்கிறார். "கோழியா? எத்தனை கோழிகள்?" என்று சாமியார் கேட்டது கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆளைத் தோட்டமே "எத்தனை கோழிகள்" என்றுதான் கூப்பிட்டது.

அடுத்த மாதம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது விலகிவிட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை தனியாகப் புது நன்மை வாங்கினாள். அதே கவுன். பூ முடியின் காகிதம் ஈரத்தில் சாயம் போயிருந்தது. நான் முன்னால் போகாமல் பின்னால் நின்றேன். தாய் பாயில் முழந்தாளிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறந்தபோது தாயின் வாயும் தன்னையறியாமல் திறந்தது.

பிறகு அந்த அக்கா என்னைப் பார்த்து, "டீச்சர் போகலீங்களா?" என்றாள்.

"தலவலி. மாத்திர போட்டேன்."

அதற்கடுத்த மாதமும் ஒரு பொய். மூன்றாவது மாதம் நானே அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன்.

"என்னாங்க டீச்சர், எங்க பாய்க்கு எறங்கி வந்துட்டீங்க?" என்று அந்த அக்கா சிரித்தாள். "கலியாணம் கட்டிக்கிட்டீங்களா, யாருக்கும் தெரியாம?"

"சும்மா இருங்க அக்கா."

"சும்மாதான இருக்கேன், பதினோரு வருசமா."

லயத்தில் அது வேறு மாதிரிப் பேச்சானது. கலியாணமாகாத பெண் தொடர்ந்து நன்மை வாங்காமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி என்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்துச் சிரிப்போடு போயிருக்கும். அதைச் சொல்ல மனம் வராமல், அதைவிடப் பெரிய பேச்சைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி அட்டனுக்குப் போனேன். அங்கே பெரிய கோயில், நல்ல தொட்டி, என்னைத் தெரியாத சாமியார்கள். யாருமில்லாத கோயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் பூச்சாடி மாற்ற வந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த சின்னப் பிள்ளைகளிடம், "பாத்தீங்களா? தோட்டத்திலருந்து வந்து படிச்சவ. இப்ப அங்க ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கிறா" என்றார். அந்தப் பிள்ளைகள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

பாயில் உட்கார்ந்த மாதங்களில்தான் நன்மை என்றால் என்ன என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கு அதன் கேள்வி பதில்கள்தான் தெரியும். எங்கள் லயத்தில் இரண்டு வீடுகளுக்கிடையே சண்டை என்றால் முதலில் நிற்பது பேச்சு இல்லை, சாப்பாடு. பேசிக்கொள்வார்கள், தீபாவளிக்குப் பலகாரம்கூடக் கொடுத்தனுப்புவார்கள், ஆனால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சமாதானம் ஆனதற்கு அடையாளமும் அதுதான். உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டால் முடிந்தது, மேற்கொண்டு விசாரணை இல்லை. நான் மாதா மாதம் அந்த வீட்டுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், செபமாலை சொன்னேன். கை நனைக்காமல் திரும்பினேன். வீட்டுக்காரர் என்னை விரட்டவில்லை. பந்தியில் எனக்கு இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பட்டினியாக எழுந்து வந்தேன். அந்தத் தனிமையை அதற்கு முன் எனக்குத் தெரியாது. பீலியில் அனுபவித்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒருநாள் அந்த அக்காவின் வயிறு இரைந்தது. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"நீங்க சாப்பிடலாமே அக்கா. வாங்குறவங்களுக்குத்தான சட்டம்?"

"சாப்புடாம வர்றதுக்கு யாருகிட்டயும் கேக்க வேணாம் பாருங்க" என்றாள். "அத மட்டும் யாரும் எனக்கு வேணாங்க முடியாது."

பதினோரு வருடமாக, வாங்க முடியாத நன்மைக்காக, ஒவ்வொரு பூசைக்கும் அவள் பட்டினியோடு வந்துகொண்டிருந்தாள். அன்று காலை நான் ரொட்டி சாப்பிட்டிருந்தேன்.

ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன். பிரசங்கத்தின் முடிவில் சாமியார் ஒரு காகிதத்தைப் பிரித்தார். பாப்பரசர் புதிய சலுகை கொடுத்திருக்கிறார் என்று தன்னுடைய புத்தகத் தமிழில் நிதானமாக வாசித்தார். இனிமேல் நன்மைக்கு முன் மூன்று மணி நேரம் உணவு உண்ணாதிருந்தால் போதும். தேநீர் போன்ற பானங்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

யாரோ ஒரு கிழவர், "தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாமாம்டோய்!" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாமியாரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கணக்குத்தான் போட்டேன். விடியற்காலை ஐந்து மணி, நன்மை பதினொன்றுக்கு. ஆறு மணி நேரம். இன்றைய சட்டப்படி நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. அன்றைக்கு நான் குடித்தது ஒன்றுமே இல்லை. நன்மைக்கு மணி அடித்தது. எழுந்தேன். யாருக்கும் எதுவும் சொல்லாமல் இப்படியே போய் வாங்கிவிடலாம், எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. இரண்டு அடி வைத்தேன். எனக்கு முன்னால் அந்தப் பிள்ளை கைகளைக் குவித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் நக்கிய சீனியும் இன்றைய சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஏழு மாதத்துக்கு முன் அவள் அழுத அழுகையை எந்தச் சலுகையும் திரும்ப எடுக்காது. அவள் அழும்போது நான் வாயைத் திறந்தேன். என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது தேத்தண்ணி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டம் தன் பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருந்தது முழுக்க என்னுடையது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இன்னைக்கும் வாங்கலியா புள்ள?"

"அன்னைக்கி நா தேத்தண்ணி குடிச்சது உனக்குத் தெரியுமில்ல? பாத்துட்டுதான போன?"

"பாத்தேன்."

"ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

அம்மா சங்கடத்தோடு சிரித்தாள். "நீ படிச்சவ. டீச்சருங்களுக்கு சாமி தனியா சலுக குடுத்திருப்பாருன்னு நெனச்சிக்கிட்டேன். நமக்கு என்னா தெரியும்?"

ஏழு மாதமாக அம்மா அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டமே வேறு என்று. நான் பெருமைப்பட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் என்முன் வந்து நின்றது. அன்று மத்தியானமே அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அலசுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் துணியைப் பிழிந்தாள்.

"அப்ப எம்புள்ளய பாயில ஒக்கார வச்சப்ப, நீங்க குடிச்சிட்டுதான் நின்னீங்க?"

"ஆமா அக்கா."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் முகம் இறுகியது.

"நீங்க குடிச்சது எனக்குப் பெருசில்லீங்க. அந்த மாசம் பூரா அவ, நா பாவக்காரியாம்மா, பாவக்காரியாம்மான்னு கேட்டுக்கிட்டே திரிஞ்சா. ஒரு நாளு வந்து, நானுந்தான் குடிச்சேன் புள்ளன்னு நீங்க சொல்லியிருந்தா போதும்." கொடியில் துணியை உதறிப் போட்டாள். "எங்கிட்ட என்னாத்துக்கு சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க. பின்னால வெறகு பொறுக்கிக்கிட்டு இருக்கா."

லயத்துக்குப் பின்னால், வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுகளைக் கட்டிக்கொண்டிருந்த அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் கண்களை அகல விரித்தாள்.

"நீங்களும் நக்கினீங்களா டீச்சர்?"

"நக்கல. குடிச்சேன். தேத்தண்ணி."

"எம்புட்டு?"

"ஒரு கோப்ப பூரா."

"சீனி போட்டா?"

"போட்டுத்தான்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "என்னையவிடக் கூட" என்றாள். பிறகு மிலாற்றுக் கட்டின் ஒரு பக்கத்தை என்னிடம் தள்ளி, "இதப் புடிங்க, இறுக்கணும்" என்றாள்.

அடுத்த மாதம் நான் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். துணிக்குப் பின்னால் முழந்தாளிட்டுச் சொன்னேன்.

"தேநீரா?" என்று சாமியார் உரக்கக் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் தொடர்ந்து சொன்னேன், பிள்ளையைப் பற்றியும், பொய்களைப் பற்றியும். அவர் திரும்பச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மகளே, அன்று நீர் ஏன் என்னிடம் கேட்கவில்லை? சட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்காக மறுபடியும் வந்திருப்பேன். மூன்று மைல்தானே?"

அவர் அபராதமாகச் சொல்லச் சொன்ன மந்திரங்களைவிட அந்த மூன்று மைல்தான் எனக்குக் கனமாக இருந்தது.

பூசையில் மணி அடித்ததும் எழுந்து போனேன். கிராதியில் காலியாக இருந்த இடத்தில் முழந்தாளிட்டேன். தோட்டத்தில் அரிசியானாலும் கம்பளியானாலும் பெயர் கூப்பிட்டால்தான் கிடைக்கும். அந்த வரிசைகளிலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்தேன். எதையும் நானே என் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தேன். இங்கே கைகள் துணிக்கு அடியில் இருந்தன. எடுத்துக்கொள்ள முடியாது. ஊட்டத்தான் வேண்டும். யாரும் பெயரைக் கூப்பிடவில்லை. இருபது வயதுக்காரி, டீச்சர், வாயைத் திறந்து காத்திருந்தேன். ஒரு பக்கம் "எத்தனை கோழிகள்" இருந்தார், மறுபக்கம் யாரோ ஒரு கிழவி. மூவருக்கும் ஒன்றேதான் கிடைத்தது.

அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. பெரிய ஆனந்தமும் இல்லை. வெகுநாள் கழித்துச் சாப்பிடுகிறவனுக்கு முதல் கவளத்தில் ருசி தெரியாது. உடம்பில் எங்கோ ஒரு நடுக்கம் நிற்பதுதான் தெரியும். அப்படித்தான் இருந்தது.

என் பழைய இடம் முன்னால், பிள்ளைகளுக்குப் பக்கத்தில். பழக்கத்தில் அங்கே திரும்பினேன். பிறகு நடந்து கடைசிப் பாய்க்கே போனேன். நான் வருவதைக் கண்டு அந்த அக்கா கால்களை மடக்கி வழிவிட்டாள். நான் தாண்டிப் போகாமல் அவள் பக்கத்திலேயே முழந்தாளிட்டேன்.

அப்பத்தைப் பல்லால் கடிக்கக்கூடாது. நாக்கிலேயே கரைய விட வேண்டும். அது கரையும் வரை பேசவும் மாட்டோம். அவளுக்கு அது தெரியும். கொஞ்ச நேரம் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

"கரைஞ்சிருச்சா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அது கரையும் வரை என்னோடு பேசாமல் இருந்தாள்.